காரணமில்லாத சண்டைகள்

மதுரை ரோட்டுக் கொட்டகையில் படம் பார்ப்பதானால் தரை டிக்கெட்தான் நல்லது, ஐயா. பெஞ்சில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் தலைப்பாகை மறைக்கும். தரையில் மணலைக் கொஞ்சம் குவித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டால் உயரம் நம் கையில் இருக்கிறது. முன்னால் ஒரு நெட்டையன் வந்து உட்கார்ந்தாலும் இன்னும் கொஞ்சம் மணலை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். நான் எப்போதும் அப்படித்தான்.

சண்டைப் படங்களை மட்டும்தான் பார்ப்பேன். அழுகைப் படங்களில் எனக்கு வேலை இல்லை. ஏன் வேலை என்று சொல்கிறேன் என்பதை விளக்கினால்தான் மற்றது உங்களுக்குப் புரியும். எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். நான் ஒன்றையும் மறைக்கப் போவதில்லை.

என் பெயர் அப்துல் சுக்கூர். பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. எங்கள் தெருப் பெண்கள் கொட்டகைக்குப் போவதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொன்னதாக நினைவில்லை, ஆனால் போவதில்லை. ஆண்கள் பார்த்துவிட்டு வந்து வீட்டில் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்கிற லட்சணம் எப்படியென்றால், "சண்டை பிரமாதம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சோற்றுக்குக் கை கழுவப் போய்விடுவார்கள். கல்யாணமான புதிதில் நான் என் மனைவி நர்கீஸுக்கு ஒரு படத்தை முழுதாகச் சொன்னேன். அவள் அதைப் பக்கத்து வீட்டு குர்ஷித் பேகத்திடம் சொன்னாள். அடுத்த படத்துக்கு குர்ஷித் பேகமே வந்துவிட்டார். அப்புறம் இன்னும் சிலர். பிறகு அது வழக்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. ஜும்மா தொழுது, சாப்பிட்டு, வெயில் சாயும் நேரத்தில் என் வீட்டுக் கூடத்தில் கதை. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் சின்னாளப்பட்டிச் சேலைகளைச் சேர்த்துத் தைத்த ஒரு திரை. பெண்கள் அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம், நாற்காலியில்.

வாரம் முழுவதும் நாற்றத்தில் நிற்கிற மனிதன் நான். தோல்ஷாப்காரன் பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகிவிடும், அது உங்களுக்கும் தெரியும். எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. அந்த நாற்காலி ஒன்றுதான் எனக்கு இருந்தது. அதில் நான் உட்கார்ந்தால் ஒரு தெருவே வாயை மூடிக்கொண்டு கேட்டது. நர்கீஸும் கேட்டாள்.

இப்போது கதைக்கு வருகிறேன். நம் சண்டைப் படங்களில் சண்டை நன்றாகத்தான் இருக்கும். கதைதான் காலை வாரிவிடும். ஒரு படத்தில் தொங்கு பாலத்தின்மேல் முகமூடிக்காரன் ஆறு பேரோடு வாள்சண்டை போடுகிறான். பாலம் ஆடுகிறது. ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குமேல் தொங்குகிறான். நல்ல சண்டை. ஆனால் பாலத்தின் அந்தப் பக்கம் வில்லன் கையில் துப்பாக்கியோடு நிற்கிறான். சுட்டால் படம் முடிந்தது. அவன் சுடாமல் கடைசிவரை வேடிக்கை பார்த்துவிட்டு, துப்பாக்கியை ஆற்றில் எறிந்து, வாளை உருவுகிறான். ஏன் எறிந்தான்? கதை எழுதினவருக்கு இன்னொரு வாள்சண்டை வேண்டியிருந்தது. வேறு பதில் இல்லை. கொட்டகையே விசிலடித்தது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நான் அந்தக் கதையைச் சொன்னபோது பழுது பார்த்துச் சொன்னேன். முந்தின காட்சியிலேயே வில்லன் ஆற்றை நீந்திக் கடக்கிறான். வெடிமருந்துப் பை நனைந்துவிடுகிறது. அவனுடைய எடுபிடி அதைப் பார்த்துவிடுகிறான், ஆனால் சொல்லப் பயப்படுகிறான். ஏனென்றால் கெட்ட செய்தி கொண்டுவந்த ஒருவனை வில்லன் அதற்கு முன்னால்தான் சவுக்கால் அடித்திருக்கிறான். இப்போது பாலத்தில் விசையை இழுக்கிறான், சுடவில்லை. எறிகிறான். பார்த்தீர்களா, துப்பாக்கிக்கும் காரணம் கிடைத்துவிட்டது, படத்தில் சும்மா வந்துபோன சவுக்கடிக்கும் காரணம் கிடைத்துவிட்டது. ஒரே தையலில் இரண்டு கிழிசல். இதைத்தான் வேலை என்றேன்.

எனக்கு இந்தப் புத்தி தோலிலிருந்து வந்தது. பச்சைத் தோலை நேரே பட்டைத் தண்ணீரில் போட முடியாது. முதலில் ஊறவைத்து உப்பையும் ரத்தத்தையும் எடுக்க வேண்டும். பிறகு சுண்ணாம்புக் குழி. சுண்ணாம்பு மயிரின் வேரை இளக்கும். மயிரை வழித்து, சதையைச் சீவி, அதற்கப்புறம்தான் ஆவாரம்பட்டை. ஒரு படியைத் தாண்டினால் தோல் ஒரு மாதத்தில் உங்கள் கையிலேயே அழுகும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று நடந்திருக்க வேண்டும். கதையும் அப்படித்தான்.

ஜெகபர் அலி அப்படி நினைக்கவில்லை.

அவன் நர்கீஸின் தாய்மாமன் மகன். முறைப்படி அவளைக் கட்டியிருக்க வேண்டியவன். சொல்லாமல் கொள்ளாமல் மதராஸுக்கு ஓடிப்போனதால் அவளை எனக்குக் கொடுத்தார்கள். உறவு விளங்குவதற்காகச் சொல்கிறேன், மற்றபடி இந்த வழக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மதராஸில் அவன் சினிமாச் சண்டைக் கோஷ்டி ஒன்றில் இருந்தான். குதிரையிலிருந்து விழுந்து தோள் இறங்கிப்போய், நயா பைசா வந்த வருஷம் ஊர் திரும்பினான். கடைவீதியில் சிறுமலைப் பழம் விற்றான். அவனுடைய அம்மா ஆரிபா என் வீட்டுத் திரைக்குப் பின்னால் முன்வரிசையில் உட்காருகிறவர்.

வந்த புதிதில் நானே அவனைக் கூப்பிட்டு அந்தப் பாலத்துச் சண்டையைப் பற்றிக் கேட்டேன். உள்ளே இருந்தவன் அல்லவா, ஏதாவது தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

"கயித்துல தொங்குனது நாந்தாண்ணே" என்றான்.

"அது கெடக்கட்டும். வில்லன் ஏன் துப்பாக்கியத் தூக்கி எறிஞ்சான்?"

அவன் சிரித்தான். "யாருண்ணே கேட்டா? எறின்னாங்க, எறிஞ்சாரு. கதையெல்லாம் படம் கொட்டகைக்கு வந்தப்புறந்தான் எங்களுக்கே தெரியும். அதுலயும் பாதிதான்."

அதைச் சொல்லும்போது அவனுக்கு வெட்கமே இல்லை. நான் அதைக் கவனித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல். கூடத்தை ஒட்டிய அறையில் கட்டிலில் கிடந்தேன். பெண்கள் வந்துவிட்டார்கள். ஆரிபாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஜெகபர் வாசலில் நின்றிருந்தான். குர்ஷித் பேகம் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏ ஜெகபரு, சும்மாதான நிக்கிற. நீதான் ஒண்ணு சொல்லேம்ப்பா."

"எனக்குச் சொல்லத் தெரியாது பெரிம்மா. அடிக்கத்தான் தெரியும்."

"அப்ப அடி. பாத்துக்கிருவோம்."

அவன் என் குடையை எடுத்தான். "ராசா ஒருத்தரு. அவருக்கு ஒரு தம்பி, கெட்ட பய. அம்புட்டுத்தான் கதை. இப்பப் பாருங்க" என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை கதை கிடையாது. ராஜா எந்த ஊர், தம்பி ஏன் கெட்டவன், எதுவும் இல்லை. குதித்தான். குடை காற்றைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. என் நாற்காலி நகர்ந்தது, அதன்மேல் ஏறிவிட்டான் என்று தெரிந்தது.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். என் வீட்டு வாசல் மேற்குப் பார்த்தது. சாய்ந்த வெயில் நேரே கூடத்துக்குள் வந்து திரையில் விழும். நான் நாற்காலியில் உட்கார்ந்து பேசும்போது திரையில் ஒரு மேடு போல நிழல் விழுந்திருக்கும், அசையாமல். அவன் நின்று ஆடினான். அந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அதுவே கொட்டகை ஆகிவிட்டது. படம் காட்ட வேண்டும் என்று அவன் திட்டமிடவில்லை. வெயில் அவன் முதுகில் விழுகிறது என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே அதிலிருந்து அவ்வளவையும் எடுத்துக்கொண்டான்.

குடையின் நுனி திரையில் பட்டிருக்க வேண்டும். பெண்கள் எல்லோரும் கத்தினார்கள். அதற்கு நடுவே ஒரு சிரிப்பு. அடிவயிற்றில் கிளம்பி, மூச்சு முட்டி, நின்று, மறுபடி கிளம்பும் சிரிப்பு. யாருடையது என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்தப் பக்கம் உட்காருகிற ஒவ்வொருவருடைய இருமலும் பெருமூச்சும் வளையல் சத்தமும் எனக்கு அத்துப்படி. இந்தச் சிரிப்பு புதிது. யாரோ வெளியூர் விருந்தாளி என்று நினைத்தேன்.

"ஏடி நர்கீஸு, மெல்லடி. விக்கிக்கிரப் போவுது" என்றார் குர்ஷித் பேகம்.

காய்ச்சல் அன்றே இறங்கிவிட்டது.

அடுத்த வாரம் நான் அதே படத்தைக் காரணங்களோடு சொன்னேன். தம்பி ஏன் கெட்டவன் ஆனான் என்பதை அவனுடைய சிறுவயதிலிருந்து தொடங்கினேன். பாதியில் குர்ஷித் பேகம் கேட்டார், "சுக்கூரு, ஜெகபரு சொன்னப்ப ஆறு பேர அடிச்சான். நீ இன்னும் ஒருத்தனக்கூட அடிக்கலையேப்பா."

"வாரேன் பெரிம்மா. அடிக்கிறதுக்கு ஒரு நியாயம் வேணும்ல."

"நீ நியாயம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எங்க ஆடு குட்டி போட்ரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய ஆடு அப்போது சினையாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் ஒரு வெள்ளி நான், ஒரு வெள்ளி அவன் என்று ஆனது. முடிவு செய்தவர் குர்ஷித் பேகம்தான். என்னை யாரும் கேட்கவில்லை. என் வாரத்தில் பெண்கள் மொச்சை கொண்டுவந்து உரித்துக்கொண்டே கேட்டார்கள். தோல் முறத்தில் விழுகிற சத்தம் கதை முழுவதும் கேட்கும். அவன் வாரத்தில் யாரும் மொச்சை கொண்டுவரவில்லை. எனக்குக் கதை முடிந்ததும் திரைக்கு அடியில் தேநீர் வரும். அவனுக்கு நடுவிலேயே வந்தது, இஞ்சி தட்டிப் போட்டு. அவன் கத்துகிறான், தொண்டை வறளும், ஆகவே நடுவில் கொடுக்கிறாள் என்று காரணம் கண்டுபிடித்தேன். நல்ல காரணம்தான். இஞ்சிக்கு மட்டும் எவ்வளவு யோசித்தும் காரணம் அகப்படவில்லை.

நானும் ஒருமுறை எழுந்து நின்று குடையைச் சுழற்றிப் பார்த்தேன். மொச்சை உரிக்கிற சத்தம் நின்றது. யாரும் சிரிக்கவில்லை, கத்தவில்லை. நர்கீஸ் மெதுவாக, "ஒக்காந்தே சொல்லுங்க, இடுப்புப் பிடிச்சுக்கிரும்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நீங்கள் இந்த இடத்தில் எழுதுகிறவரிடம் எதையோ எழுதச் சொல்வது எனக்குத் தெரிகிறது. அவசரப்பட வேண்டாம், ஐயா. எனக்கு அவன்மேல் தனிப்பட்ட பகை கிடையாது. பழம் வாங்கினால் நல்ல சீப்பாகப் பார்த்துக் கொடுப்பான். ஆனால் ஒரு தெருவே காரணம் கேட்கிற பழக்கத்தை விட்டுவிட்டது. இத்தனை வருஷமாக நான் பொறுமையாக உண்டாக்கிய பழக்கம் அது. ஒருவன் குதிக்கிறான் என்றால் ஏன் குதிக்கிறான் என்று கேட்க வேண்டும். கேட்காமல் ரசிக்கிறவர்கள் நாளைக்கு எதையும் ரசிப்பார்கள். இதை யாராவது நிறுத்தத்தான் வேண்டும்.

திட்டம் என்று எழுத வேண்டாம். ஒரு கதை அமைத்தேன் என்று எழுதுங்கள். நல்ல கதைக்கு ஆளின் குணம்தான் அடிப்படை. ஜெகபரின் குணம், அவன் முதலில் குதிப்பான், யோசனை அப்புறம். மதராஸில் அதற்குத்தான் அவனை வைத்திருந்தார்கள்.

ஷாப்பின் பின்பக்கத்தில் ஒரு பழைய சுண்ணாம்புக் குழி இருக்கிறது. விரிசல் விட்டதால் அதைப் புழங்குவதில்லை. பலகை போட்டு மூடியிருக்கும். அடியில் பல வருஷத்துக் கசடு, மயிரும் சதையும் சுண்ணாம்பும் கலந்து கிடக்கிறது. மேலே ஏடு படிந்து காய்ந்திருக்கும். ஏட்டைக் கலக்காதவரை ஒன்றும் இல்லை. கனமான ஒன்று விழுந்து அதை உடைத்தால் உள்ளே அடைந்துகிடக்கும் விஷக்காற்று வெளியே வரும். முதல் மூச்சில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அடுத்த மூச்சில் வாடை தெரியாது. வாடை போய்விட்டது என்று நினைப்பார்கள். மூக்குதான் செத்துப்போயிருக்கும். இதனால்தான் மூடின குழியில் யாரையும் இறங்க விடுவதில்லை. மேஸ்திரியின் முதல் கடமை அது. நான் அதில் ஒருநாளும் தவறியதில்லை.

குர்ஷித் பேகத்தின் ஆடு குட்டி போட்டிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஒரு குட்டியை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் வீட்டுப் பனையோலைக் கூடையில் வைத்து, கயிறு கட்டிக் குழிக்குள் இறக்கினேன். உள்ளே சுவரோரத்தில் ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கிறது, கசடுக்குமேல். குட்டியை அதில் இறக்கிவிட்டுக் கூடையை மேலே இழுத்துக்கொண்டேன். மூடியில் ஒரு பலகையை மட்டும் விலக்கி வைத்தேன், சத்தம் வெளியே வர வேண்டும் என்பதற்காக. தாயிடம் பால் குடிக்காத குட்டி உச்சிவேளைக்குள் கத்த ஆரம்பிக்கும். ஜும்மா முடிந்து நாங்கள் வரும் வழி ஷாப்பின் பின்சுவரை ஒட்டித்தான் போகிறது.

நான் அவனை ஷாப்புக்குள் கூப்பிடவே இல்லை, ஐயா. இதை அழுத்தி எழுத வேண்டும். சேர்ந்து நடந்து வந்தோம். அவன் வாரம் அது. அன்று சொல்லப்போகிற படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். சுவருக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றான்.

"அண்ணே, குட்டி கத்துதுல்ல?"

"எனக்குக் கேக்கலையே."

"உள்ளதாண்ணே. சாவி வச்சிருக்கீங்களா?"

மேஸ்திரியிடம் சாவி இருக்கும். திறந்தேன். அவன் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நேரே குழிக்குப் போய், மற்றப் பலகைகளையும் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தான்.

"பெரிம்மா வீட்டுக் குட்டிண்ணே. பாவம், எப்படி விழுந்துச்சோ."

"இரு, ஏணி எடுத்துட்டு வாரேன்" என்றேன். அப்படிச் சொன்னேன் என்பதற்கு அல்லா சாட்சி.

"ஏணி எதுக்குண்ணே, இம்புட்டு ஆழம்தான. தொப்பியப் பிடிங்க."

தொப்பியை என்னிடம் கொடுத்துவிட்டுக் குதித்தான்.

நான் ஏணி எடுக்கப் போனேன். ஏணி ஷாப்பின் முன்கோடியில், பட்டை அடுக்கும் கொட்டடிக்குப் பின்னால் மாட்டியிருக்கும். நடந்து போனேன். வழியில் ஒருமுறை, "அண்ணே" என்று கேட்டது. குட்டி அதற்குப் பிறகும் சற்று நேரம் கத்தியது. அந்தக் குட்டியைப் பற்றி எனக்கு இப்போதும் வருத்தம் உண்டு. அது ஒரு பாவமும் செய்யவில்லை.

பிறகு தெருவுக்கு ஓடிவந்து சத்தம் போட்டேன். ஷாப்புக்குப் பக்கத்தில் குடியிருக்கும் சுண்ணாம்பு வேலைக்காரர் கண்ணுசாமி ஓடிவந்து இறங்கப் போனார். நான்தான் அவரை இடுப்போடு கட்டிப்பிடித்து நிறுத்தினேன். "எறங்காத கண்ணுசாமி, நீயும் போயிருவ" என்றேன். கொக்கி போட்டுத்தான் ஜெகபரின் உடலை எடுத்தோம். நான் இல்லாவிட்டால் இன்னொரு மையத்தும் விழுந்திருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஜமாத்திலும் அதைச் சொல்லிப் பாராட்டினார்கள். தப்பில்லை. உண்மைதானே. உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரியும் வந்து பார்த்துவிட்டு விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்.

கதை அங்கே முடிந்திருக்கும். நான் அமைத்ததிலேயே அதுதான் சிறந்தது. அதைக் கெடுத்ததும் ஒரு மோசமான சினிமாக் கதைதான்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்தது. பெண்கள் மறுபடி வர ஆரம்பித்தார்கள். வரச் சொன்னவரே ஆரிபாதான். "அவன் நின்ன எடத்துல ஒரு சத்தமாவது கேக்கட்டும்" என்றாராம். நான் கொட்டகைக்குப் போய்ப் புதுப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். அதில் கதாநாயகனின் தோழன் அரண்மனைத் தோட்டத்தில் இருந்த பாழுங்குழி ஒன்றில் விழுந்து செத்துப்போகிறான். பலகை போட்டு மூடின குழி. அதன்மேல் தோழனுடைய வாள் கிடந்ததாக முந்தின காட்சியில் காட்டுகிறார்கள். அடுத்த காட்சியில் பலகை இல்லை, அவன் உள்ளே கிடக்கிறான். அவ்வளவுதான். அப்படியும் ஒரு கதை எழுதுகிறார்கள்.

என் வாரம், என் நாற்காலி. அந்த இடம் வந்தபோது உள்ளபடியே சொல்லிவிட்டு மேலே போய்விட நினைத்தேன். அன்று யாரும் மொச்சை கொண்டுவந்திருக்கவில்லை.

"ஏங்க" என்றாள் நர்கீஸ்.

அத்தனை வருஷத்தில் திரைக்குப் பின்னாலிருந்து அவள் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. மற்றவர்கள் கேட்பார்கள். அவள் கேட்டதே இல்லை.

"அந்தக் குழிதான் பலகை போட்டு மூடியிருந்துச்சே. யாருங்க தொறந்தா?"

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கதையில் எங்கே ஓட்டை என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். யாருக்காக இத்தனை வருஷம் பாடுபட்டேனோ அவள் கேட்டுவிட்டாள். படத்தில் அதைக் காட்டவில்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் முடித்திருப்பார்கள். ஜெகபராக இருந்தால் குடையை எடுத்திருப்பான். என்னால் முடியவில்லை. அவள் கேட்ட முதல் கேள்விக்கு ஓட்டைப் பதில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நாற்காலியின் நுனிக்கு வந்து விளக்கினேன். தோழனின் குணத்திலிருந்து தொடங்கினேன். அவன் முதலில் குதிக்கிறவன். வில்லனுக்கு அது தெரியும். ஆகவே அவனைத் தள்ள வேண்டியதே இல்லை, குதிக்க வைத்தால் போதும். அதற்கு உள்ளே ஒரு உயிர் கத்த வேண்டும். அதனால் ஒரு பலகையை மட்டும் விலக்கி வைத்தான், சத்தம் வெளியே வருவதற்காக. மற்றப் பலகைகளைத் தோழனே தள்ளினான். என்ன பொருத்தம் பாருங்கள். என் வாயாலேயே அதைக் கேட்கும்போதுதான் எவ்வளவு நன்றாக அமைந்திருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

"எந்த உயிருங்க?" என்று கேட்டாள்.

"ஆட்டுக்குட்டி."

"அரண்மனைத் தோட்டத்துல ஆட்டுக்குட்டி ஏதுங்க?"

நான் பதில் யோசிப்பதற்குள் குர்ஷித் பேகம் கேட்டார். அவர் குரலில் வழக்கமான கேலி இல்லை.

"குட்டிய எப்படிப்பா உள்ள விட்டான்? தூக்கிப் போட்டானா?"

"போட்டாக் காலு ஒடிஞ்சிரும் பெரிம்மா. ஒடிஞ்சா சீக்கிரம் செத்துரும், கத்தாது. கூடையில வச்சுக் கயிறு கட்டி எறக்குனான். எறக்கிட்டுக் கூடைய இழுத்துக்கிட்டான்."

அந்தப் பக்கத்தில் வளையல் சத்தம்கூட இல்லை. நான் சொன்ன எந்தக் கதைக்கும் அவ்வளவு அமைதி இருந்ததில்லை. சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள், கொஞ்ச நேரம் அதை ரசித்தேன்.

"ஜெகபரு போன அன்னைக்கு நம்ம ஓலைக்கூடையெல்லாம் சுண்ணாம்பா இருந்துச்சு" என்றாள் நர்கீஸ். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, தனக்குள் சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. "நாந்தான் கழுவி வச்சேன்."

அப்போது திரை விலகியது. கதை சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து அது ஒருமுறைகூட விலகியதில்லை. ஆரிபா அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த முகங்களையெல்லாம் நான் அன்றுதான் ஒன்றாகப் பார்த்தேன். ஆரிபா திரையை விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தார். என் நாற்காலியைத் தாண்டி, செருப்புக்கூடப் போடாமல், அந்த வெயிலில் உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தார். நர்கீஸும் எழுந்து அவர் பின்னாலேயே போனாள்.

நான் எங்கும் ஓடவில்லை. நீங்கள் வரும்வரை அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். குட்டியை வைத்தேன், பலகையை விலக்கினேன், அவன் குதிப்பான் என்று தெரிந்துதான் சாவியைத் திருப்பினேன். ஏணியையும் வேண்டுமென்றேதான் மெதுவாக எடுத்துவந்தேன். எல்லாம் நான் செய்ததுதான். கையெழுத்துப் போடுகிறேன்.

படித்துக் காட்டினீர்களே, அதில் ஒரே ஒரு இடத்தை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. பொறாமையின் காரணமாக என்று உங்கள் ரைட்டர் எழுதியிருக்கிறார். அது பலவீனமான காரணம். கதை எழுதத் தெரியாதவர்கள் வேறு ஒன்றும் தோன்றாதபோது போடுகிற காரணம். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. நர்கீஸ் அந்தச் சிரிப்பை என் கதைக்கு ஒரே ஒருமுறை சிரித்திருந்தால் போதும், ஜெகபர் இன்றைக்கும் கடைவீதியில் பழம் விற்றுக்கொண்டிருப்பான். இதில் பொறாமை எங்கே வந்தது?